'எக்ஸ்க்யூஸ்'னு சொல்றதுக்கு முன்னாடி எண்ணூர் பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போங்க

நீளமான த்ரெட். ஒரு டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஜனவரி 6, சென்னை மாரத்தான் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே ஒரு ரீல் நாலு வாட்ஸ்அப் குரூப் வழியா என் போனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு ரன்னிங் கோச், கழுத்துல மெடல், பின்னாடி பீட் போட்ட மியூசிக். பேர் வேண்டாம், அவர் ஒருத்தர் மட்டும் இப்படிப் பேசலை. சாராம்சம் இதுதான்: டிசம்பர்ல மழைன்னு பிராக்டிஸை நிறுத்தினவன், காய்ச்சல்னு நிறுத்தினவன், வேலை இருக்குன்னு நிறுத்தினவன், இந்த மூணு பேரும் இன்னைக்கு ஸ்டார்ட் லைன்ல இல்ல. ஏன்னா அவங்களுக்கு மோட்டிவேஷன் இல்ல.

அந்த மூணு பேரையும் எனக்குத் தெரியும். மூணும் ஒரே ஆள். டிசம்பர் 16ஆம் தேதி எங்க கேஷுவாலிட்டிக்கு நடந்து வந்தான். எட்டு நாள் எங்க வார்டுல கிடந்தான்.

அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். தம்பின்னே கூப்பிடறேன், வார்டுலயும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

தம்பிக்கு 26 வயசு. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். வீடு எர்ணாவூர். 10 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்து, சம்பளத்துல இருந்து பீஸ் கட்டி, ஆகஸ்ட்ல இருந்து பிராக்டிஸ் பண்ணினான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்காம ஓடியிருக்கான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில டிரெய்லர் லாரிகள் வரிசையா நிக்கும், அதுக்கும் கடலோரக் கருங்கல் தடுப்புக்கும் நடுவுல இருக்கிற இடத்துலதான் ஓட்டம். நான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். ரெண்டு பேர் சேர்ந்தாப்ல ஓட முடியாது.

டிசம்பர் 3, 4 மிக்ஜாம். எர்ணாவூர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்தது. வெறும் மழைத்தண்ணி இல்ல, மேல கறுப்பா எண்ணெய்ப் படலம். மணலி பக்கத்துல இருந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறுன்னு இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவின அந்த எண்ணெய் விஷயம் உங்களுக்கு டிவியில பார்த்து ஞாபகம் இருக்கும். மீனவர்கள் பக்கெட்லயும் மக்குலயும் அள்ளினாங்களே, அதுதான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கு எடுத்தது. யாரோட எண்ணெய்னு நான் இங்க எழுதப் போறதில்ல. அரசு ஊழியர் எதை எழுதலாம்னு விதி இருக்கு, தவிர உங்க எல்லாருக்கும் தெரியும்.

தம்பி மூணு நாள் அந்தத் தண்ணியில நடந்தான். முழங்கால்ல சின்னதா ஒரு சிராய்ப்பு. அப்புறம் ரெண்டு நாள் மாமாவோட படகையும் வலையையும் கழுவினான். 9ஆம் தேதி, அஞ்சு நாள் பிராக்டிஸ் போச்சேன்னு பயந்து, 8 கிலோமீட்டர் ஓடினான். 13ஆம் தேதி காய்ச்சல், உடம்பு வலி. ரெண்டு கெண்டைக்கால்லயும் தொட்டாலே உயிர் போற வலி.

அவங்களோட டிரெய்னிங் குரூப்ல போய்க் கேட்டிருக்கான். அந்த மெசேஜை எனக்குக் காட்டினான். வந்த பதில்: கால் வலின்னா டிரெய்னிங் வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஒரு பெயின் கில்லர் போட்டுட்டு லாங் ரன்னை முடி, இப்ப விட்டா மொத்தமும் போச்சு. கூடவே ஒரு சிங்கம் படம்.

15ஆம் தேதி காய்ச்சலோட, டைக்ளோஃபெனாக் மாத்திரை ரெண்டு போட்டுட்டு ஓடினான். 16ஆம் தேதி எங்ககிட்ட வரும்போது கண்ணு ரெண்டும் சிவப்பு, யூரின் குறைஞ்சு டீ டிகாக்‌ஷன் கலர்ல போகுது. உள்ளே வந்து கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சார், ஒரு ஊசி போட்டு அனுப்புங்க சார். ஞாயித்துக்கெழம லாங் ரன் கீது."

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா படிங்க. இந்த த்ரெட்ல வேற எதுவும் ஞாபகம் இல்லாம போனாலும் பரவாயில்ல.

வெள்ளத் தண்ணியில கால் வச்ச ஒருத்தருக்கு, அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண் மூணும் சேர்ந்து வந்தா முதல்ல எலிக்காய்ச்சலைத்தான் நினைக்கணும். லெப்டோஸ்பைரோசிஸ். எலியோட, மாட்டோட சிறுநீர்ல இருந்து தண்ணிக்கு வந்து, தோல்ல இருக்கிற சின்னக் கீறல் வழியா உள்ள போற கிருமி. ஆரம்பத்துல பிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாதிரி விலை குறைஞ்ச மாத்திரையிலயே கேட்கும். விட்டா கிட்னி, கல்லீரல், நுரையீரல்னு போகும். எம்.பி.பி.எஸ். படிக்கிற பசங்களுக்கு வைவாவுல கேக்கற கேள்வி: கெண்டைக்கால் வலியோட காய்ச்சல்னா என்ன? ஓடறவனுக்குக் கெண்டைக்கால் வலிச்சா அதை யாரும் நோய்னு நினைக்க மாட்டாங்க, அவனும் நினைக்க மாட்டான். அதுக்கு மேல கிட்னி திணறிக்கிட்டு இருக்கும்போது டைக்ளோஃபெனாக். அதுக்கும் மேல உடம்புல தண்ணி இல்லாம ஒரு லாங் ரன்.

அட்மிஷன் அன்னைக்கு கிரியாட்டினின் 3.1. பிளேட்லெட் குறைவு. டயாலிசிஸ் வரைக்கும் போகுமோன்னு நெப்ராலஜிக்குப் போன் பண்ணி வச்சிருந்தேன். போகலை. மூணாம் நாள் யூரின் நல்லாப் போக ஆரம்பிச்சது. அன்னைக்கு நைட் ரவுண்ட்ஸ்ல யூரின் பேக்கைப் பார்த்து நானும் ஸ்டாஃப் நர்ஸ் அக்காவும் சிரிச்சது எங்க துறையில இருக்கறவங்களுக்கு மட்டும் புரியும்.

இப்ப கோச்சுக்கு ஒரு கேள்வி. இவனுக்கு மோட்டிவேஷன் இல்லையா? இவன்கிட்ட இருந்தது மோட்டிவேஷன் மட்டும்தான். அது கொஞ்சம் குறைவா இருந்திருந்தா 13ஆம் தேதியே ஓ.பி.க்கு வந்திருப்பான்.

சரி, அறிவியலுக்கு வருவோம். ஏன்னா "இப்ப விட்டா மொத்தமும் போச்சு"ங்கிற அந்த வாக்கியம் உடற்செயலியல்படி பொய். அந்தப் பொய்தான் எல்லாத்துக்கும் அடிப்படை.

1984ல எட்வர்ட் காயில் குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. வருஷக்கணக்கா கடுமையா பயிற்சி பண்ணின ஏழு பேரை 84 நாள் பயிற்சி பண்ண விடாம நிறுத்தி, உடம்பு என்னென்ன இழக்குதுன்னு அளந்தாங்க. உடம்பு உச்சபட்சமா எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும்ங்கிற அளவு, நீங்க வாட்ச்ல பார்க்கிற அந்த வி.ஓ.2 மேக்ஸ், 21 நாள்ல 7 சதவீதம் குறைஞ்சது. முழுசா மூணு வாரம் ஒண்ணுமே பண்ணாம இருந்தா ஏழு சதவீதம். 56 நாள் ஆகும்போது 16 சதவீதம் குறைஞ்சு, அதோட நின்னுடுச்சு. தசைக்குள்ள வளர்ந்திருந்த ரத்த நுண்குழாய்கள் 84 நாள் கழிச்சும் அப்படியே இருந்தது.

முதல் ரெண்டு வாரத்துல நீங்க இழக்கிறதுல பெரும்பகுதி ரத்தத்துல இருக்கிற நீர்ப்பகுதியோட அளவு. அது குறையறதால இதயம் ஒரு துடிப்புல தள்ற ரத்தம் குறையுது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. உடனே "ஐயோ, போச்சு"ன்னு மனசு சொல்லுது. ஆனா சீக்கிரம் திரும்ப வர்றதும் அதுதான். லேசா ஓட ஆரம்பிச்ச சில நாள்லயே ஏற ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு சொல்றேன். ரேஸுக்கு முந்தின ரெண்டு வாரம் பெரிய ஓட்டக்காரங்க என்ன பண்றாங்க? தூரத்தைப் பாதியா குறைக்கிறாங்க. டேப்பர்னு அதுக்குப் பேரு, அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் கோச் காசு வாங்கறார். அப்போ ரேஸுக்குப் பத்து நாள் முன்னாடி ஒருத்தனுக்குச் சளி பிடிச்சு ஒரு வாரம் படுத்தா, கிட்டத்தட்ட அந்த டேப்பரையே கொஞ்சம் முரட்டுத்தனமா பண்ணிட்டான்னுதான் அர்த்தம். காசு கொடுத்து ரெஸ்ட் எடுத்தா அறிவியல், காய்ச்சல் வந்து ரெஸ்ட் எடுத்தா சோம்பேறித்தனம். நல்லா இருக்குய்யா நியாயம்.

உண்மையான ஆபத்து விட்டதைப் பிடிக்கப் போறதுலதான் இருக்கு. சீட்டாட்டத்துல மட்டும் இல்ல, இங்கயும் அதுதான் ஆளைச் சாய்க்குது. பத்து நாள்ல விட்ட அறுபது கிலோமீட்டரை அடுத்த வாரம் சேர்த்து ஓடறவங்கதான் தாடை எலும்பைப் பிடிச்சுக்கிட்டு... மன்னிக்கணும், கீழ்க்கால் முன்னெலும்பை. நைட் டூட்டி முடிச்சுட்டு டைப் பண்றேன். அந்த முன்னெலும்பைப் பிடிச்சுக்கிட்டு ஆர்த்தோ ஓ.பி. வரிசையில நிக்கறாங்க. இதயமும் மூச்சும் வேகமா திரும்பி வந்துடும், எலும்பும் தசைநாரும் அவ்வளவு வேகமா வராது. மூச்சு ஒத்துழைக்குதேன்னு காலை நம்பக் கூடாது.

காய்ச்சலோட ஓடறதைப் பத்தி ஒரே ஒரு விஷயம். சில வைரஸ் காய்ச்சல்ல இதயத் தசையும் வீங்கும். மயோகார்டைட்டிஸ். நிறைய பேருக்கு அறிகுறியே இருக்காது. அந்த நேரத்துல இதயத்தை விரட்டினா அதோட மின்சாரம் தாறுமாறாகலாம். ஆரோக்கியமான இளவயசுக்காரங்க ஓடும்போது திடீர்னு விழறாங்களே, அதுக்கான காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. காய்ச்சல் அடிக்கிற அன்னைக்கு நிக்கறதுக்கு எக்ஸ்க்யூஸ்னு பேர் வைக்கிறவர், ஒருத்தன் விழுந்தா சி.பி.ஆர். பண்ண வருவாரா? வரமாட்டார். ரீல் எடுத்துக்கிட்டு இருப்பார்.

இது வரைக்கும் உடம்பு. இனி ஊர்.

நான் ராயபுரத்துல பிறந்து வளர்ந்தவன். பாக்ஸிங் கத்துக்கிட்ட அண்ணன்களைப் பார்த்து, அவங்க ஓடறாங்களேன்னு பின்னாடி ஓடினவன். வடசென்னைக்காரனுக்கு விளையாட்டு ஆர்வம் இல்லைன்னு எவனாவது சொன்னா சிரிப்பேன். இல்லாதது இடம்.

மெரினாவுல காலையில ஓடறீங்க இல்ல? அந்த அகலமான மணல் எங்க இருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? நம்ம கடற்கரையில வருஷத்தோட பெரும்பகுதி அலை மணலைத் தெற்குல இருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கிட்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டு கடைசியில துறைமுகம் கட்டினாங்க. கடலுக்குள்ள நீட்டின அந்தச் சுவர்ல மணல் தடுத்து நின்னுடுச்சு. தெற்குப் பக்கம் மெரினா வளர்ந்து வளர்ந்து அகலமாச்சு. வடக்குப் பக்கம் ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்னுச்சு. தெருத்தெருவா போச்சு. கருங்கல் கொட்டி நிறுத்தி வச்சிருக்காங்க. நீங்க ஓடற மணல் எங்களுக்கு வர வேண்டிய மணல். திருப்பிக் கொடுங்கன்னு சொல்லலை. அது மேல நின்னுக்கிட்டு, கருங்கல்லுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல ஓடறவனைப் பார்த்து "ஏன்டா நின்ன"ன்னு கேக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

காத்து விஷயம் எடுத்தா இந்த த்ரெட் முடியாது. சுருக்கமா: மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009ல மிக மோசமா மாசுபட்ட பகுதிகள் பட்டியல்ல வச்சது. உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறு ஏழு லிட்டர் காத்து உள்ள போகும், நல்லா ஓடும்போது அது அறுபது லிட்டரைத் தாண்டும். காத்துல என்ன இருக்கோ அதுவும் பத்து மடங்கு உள்ள போகும். நாத்தம் அதிகமா இருக்கிற காலையில எங்க ஊர்க்காரன் ஓட்டத்தை விட்டா அது மருத்துவப்படி சரியான முடிவு.

நானே ஒண்ணும் யோக்கியன் இல்ல. போன வருஷம் சுகர் ஓ.பி.யில ஒரு அம்மாகிட்ட, "தினம் முக்கால் மணி நேரம் நடங்கம்மா, ஏன் நடக்க மாட்டேங்கறீங்க"ன்னு கொஞ்சம் எரிச்சலா கேட்டேன். அவங்க கோபப்படாம, "எங்க சார் நடக்கறது? நீங்களே எடம் சொல்லுங்க"ன்னாங்க. எனக்குப் பதில் தெரியலை. பின்னாடி 80 பேர் நிக்கறாங்க, மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துட்டேன். 2023 நவம்பர்ல நம்ம அரசு 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் ஆரம்பிச்சப்போ சந்தோஷப்பட்டேன், இப்பவும் நல்ல திட்டம்னுதான் சொல்வேன். சென்னைக்கு அது அமைஞ்ச இடம் பெசன்ட் நகர். எர்ணாவூர்ல இருந்து அந்த நடைபாதைக்குப் போகவே இருபது கிலோமீட்டருக்கு மேல.

இப்ப தம்பி கதைக்குத் திரும்பறேன், ஏன்னா அது டிஸ்சார்ஜோட முடியலை.

24ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினோம். வீட்டுல தரையில இன்னும் எண்ணெய் நாத்தம் போகலைன்னு, சின்னக்குப்பத்துல மாமா வீட்டுக்குப் போனான். 26ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, அங்க பக்கத்துல ஒரு உரத் தொழிற்சாலைக்குக் கப்பல்ல இருந்து அமோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனம் தூக்கத்துல இருந்து எழுந்து கண்ணெரிச்சலோட, இருமிக்கிட்டு, குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. ஐம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. விடியற்காலையில ஆலை வாசல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தப்போ, 400 மைக்ரோகிராமுக்குள்ள இருக்க வேண்டிய அமோனியா 2,090.

தம்பி அன்னைக்கு ராத்திரி ஓடினான். பாட்டியை முதுகுல தூக்கிக்கிட்டு. ஆஸ்பத்திரியில இருந்து வந்து ரெண்டே நாள் ஆன உடம்போட. எவ்வளவு தூரம்னு அவனுக்கும் தெரியாது, கையில வாட்ச் இல்ல. காலையில எனக்குப் போன் பண்ணினான். நானும் மூச்சுத்திணறல் ஏதும் வந்துச்சோன்னு பயந்து எடுத்தேன். "இல்ல சார், நான் நல்லாக்கீறேன். நீங்க ஓடக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல, நேத்து ஓடிட்டேன் சார், ஒண்ணும் ஆவாதுல்ல?"

அந்த ரீல்ல இந்த ஓட்டத்துக்கு மெடல் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க.

ஜனவரி 6 அன்னைக்கு அவன் நேப்பியர் பாலத்துக்குப் போகலை. நான்தான் போகாதேன்னேன். போறேன்னு கெஞ்சினான், மெதுவா நடந்தாவது முடிக்கிறேன்னான். கிரியாட்டினின் இயல்புக்கு வந்து ரெண்டு வாரம்கூட ஆகலை. கண்டிப்பா முடியாதுன்னுட்டேன். போனை வச்சிட்டான், ரெண்டு நாள் பேசலை. அந்தக் கோபம் நியாயமான கோபம். நாலு மாச உழைப்பு, கட்டின காசு. அதை "பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு நாலு வார்த்தையில துடைக்க எனக்கு உரிமை இல்ல.

எனக்கும் அந்த ரேஸ்ல பேர் இருந்தது. டிசம்பர்ல வெள்ளம், காய்ச்சல் வார்டு, 24 மணி நேர டூட்டி, அப்புறம் அமோனியா. 5ஆம் தேதி நைட் டூட்டி போட்டிருந்தாங்க, மாத்திக்க ஆள் இல்ல. டி-ஷர்ட் மட்டும் வந்தது, அதைப் போட்டுக்கிட்டுத்தான் டைப் பண்றேன். அதனால அந்த ரீல் எனக்குக் குத்தினது நிஜம். ஒரு டாக்டருக்கே "நாம ஏமாத்திட்டோமோ"ன்னு தோணுச்சுன்னா, குரூப்ல கடைசியா ஓடற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

நியூயார்க்ல நடந்ததை எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை. 2012ல சாண்டி புயல் அடிச்சு ஊர் பாதி இருட்டுல கிடக்குது. நவம்பர் 4 மாரத்தான். நடத்தியே தீருவோம்னாங்க. ஜெனரேட்டரும் தண்ணியும் போலீஸும் ஓட்டக்காரனுக்கா, வீடு போனவனுக்கான்னு ஊரே சண்டை போட்டுச்சு. ரெண்டு நாள் முன்னாடி ரத்து பண்ணினாங்க. உலகம் பூரா இருந்து வந்தவங்க, ஒரு வருஷம் பிராக்டிஸ் பண்ணினவங்க. அந்த ஞாயித்துக்கிழமை நூற்றுக்கணக்கான பேர் ரேஸ் டி-ஷர்ட்டோட, முதுகுப்பையில போர்வையும் சாப்பாடும் எடுத்துக்கிட்டு, ரேஸ் தொடங்க வேண்டிய அதே ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் படகுல போய், வெள்ளம் புகுந்த தெருக்கள்ல ஓடி ஓடிக் கொடுத்தாங்க. அவங்களை யாரும் மோட்டிவேஷன் இல்லாதவங்கன்னு சொல்லலை. நம்ம ஊர்ல டிசம்பர்ல எண்ணெய் அள்ளினவனுக்கும், படகு கழுவினவனுக்கும், ராத்திரி ராத்திரியா நிவாரண முகாம்ல சோறு பரிமாறினவனுக்கும் கிடைச்சது அந்த சிங்கம் படம்.

"சரி டாக்டர், அப்ப இடைவெளி விழுந்தா மனசை எப்படித்தான் பிடிச்சு வைக்கிறது"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், தப்பிக்கலை.

தம்பி வார்டுல பண்ணினதைச் சொல்றேன். தினம் காலையில ரவுண்ட்ஸ் வந்தா முதல் கேள்வி, "இன்னைக்கு எவ்ளோ சார்?" கிரியாட்டினினைக் கேக்கறான். 3.1, 2.4, 1.6, 1.1. ஒரு பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதி வச்சுக்கிட்டான். முன்னாடி கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்னு எழுதினவன், இப்ப இதை எழுதறான். ஓட்டத்தை விட்டுடலை, அந்த வாரம் அவனால இறக்க முடிஞ்ச ஒரே நம்பர் அதுதான். அவனுக்கு நான் ஒரு மோட்டிவேஷன் வகுப்பும் எடுக்கலை.

உங்களுக்கும் அதுதான். இடைவெளி ஒரு வாரம்னா, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகாதீங்க. அட்டவணை இன்னைக்கு எங்க இருக்கோ அங்கயே சேருங்க, முதல் ரெண்டு மூணு நாள் பேச்சு கொடுத்துக்கிட்டே ஓடற வேகத்துல. ரெண்டு வாரம்னா பாதி தூரத்துல இருந்து ஆரம்பிங்க, நேர இலக்கை மறந்துட்டு முடிச்சா போதும்னு போங்க. மூணு வாரத்துக்கு மேல, இல்லைன்னா ஆஸ்பத்திரியில படுத்து எழுந்திருச்சீங்கன்னா அந்த ரேஸை விட்டுடுங்க. வேற தூரத்துக்கு, வேற மாசத்துக்கு மாத்துங்க. காய்ச்சலுக்கு அப்புறம், பாராசிட்டமால் போடாமலே காய்ச்சல் இல்லாம, உடம்பு வலி போய், காலையில எழுந்ததும் பார்க்கிற நாடித்துடிப்பு உங்க வழக்கமான எண்ணுக்கு வந்த பிறகு, முதல்ல சில நாள் நடை. நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்தை விட அதிகமா மூச்சு வாங்குதுன்னா ஒரு இ.சி.ஜி. எடுக்காம ஓடவே கூடாது. ரேஸ் அன்னைக்கு வலி மாத்திரை போட்டுட்டு ஓடற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க, உங்க கிட்னி சார்பா கேட்டுக்கறேன்.

கோச்களுக்கும் ஒண்ணு. நிறைய நல்ல கோச் இருக்காங்க, எனக்கே ஒருத்தர் இருக்கார், காய்ச்சல்னு சொன்னா போனைப் பிடுங்கி வைக்கிற ரகம். நான் கோபப்படறது மத்தவங்க மேல. உங்க குரூப்ல ஒருத்தர் "கால் வலி, காய்ச்சல்"னு எழுதினா, அவர் எந்த ஏரியா, வெள்ளத்துல நடந்தாரா, யூரின் ஒழுங்கா போகுதான்னு கேளுங்க. மூணே கேள்வி. கேக்கத் தெரியலைன்னா "டாக்டரைப் பாருங்க"ன்னு நாலு எழுத்து போடுங்க. சிங்கம் படம் போடாதீங்க.

போன ஞாயித்துக்கிழமை டூட்டி முடிச்சுட்டு நேரா போனேன். தம்பி திரும்பப் பேச ஆரம்பிச்சுட்டான். இருபது நிமிஷம் நடந்தோம், கடைசியில ரெண்டு நிமிஷம் மெல்ல ஓட விட்டேன். நாடி பார்த்தேன், 118. போதும்னேன். "இன்னா சார், சூடு ஏறவேயில்ல, அதுக்குள்ள நிறுத்தறீங்க"ன்னு சலிச்சுக்கிட்டான். அடுத்த வாரம் அஞ்சு நிமிஷம் தர்றதா ஒப்பந்தம்.

அந்த ரீல் உங்க குரூப்புக்கு வந்திருந்தா, கீழ இதைப் போடுங்க. வெள்ளத்துல நடந்தவங்க யாருக்காவது இப்ப காய்ச்சல் இருந்தா, கெண்டைக்கால் வலிச்சா, கண் சிவந்திருந்தா, யூரின் குறைஞ்சா, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஓ.பி. சீட்டு வாங்கும்போதே "தண்ணியில நடந்தேன்"னு சொல்லுங்க. ஓ.பி. நேரம் முடிஞ்சிருந்தா கேஷுவாலிட்டிக்கு வாங்க, ராத்திரி எத்தனை மணியானாலும் ஆள் இருக்கும்.